வெந்நீரில் கழுவிய தொட்டி

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெந்நீரக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, நீராவியில் வேகவைத்து அனுப்புவது அவள் வேலை. அந்தப் பழக்கம் அங்கேயே நின்றால் தேவலை. வீட்டிலும் கதவுத் தாழ்ப்பாள், டிவி ரிமோட் என்று ஒன்றையும் விட்டுவைக்கமாட்டாள். "கொஞ்சம் அசந்தா என்னையும் வேகவச்சிடுவா" என்று அவள் புருஷன் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு மறக்காமல் போய்க் கையைக் கழுவிக்கொள்வான்.

அந்த வீட்டில் அவள் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். மாமனாரின் மீன் தொட்டி.

மாமனார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கூடத்து மூலையில் தொட்டி, அதில் ஐந்து தங்கமீன்கள். பெரிய மீனுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார், முன்னுக்கும் பின்னுக்கும் போய்க்கொண்டே இருக்கும் என்பதால். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மட்டும் வெளியே எடுப்பார். வடிகட்டியில் இருக்கிற ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து, பழுப்பு நிறத்தோடு திரும்ப மாட்டிவிடுவார். அழுக்கை அழுக்குத் தண்ணீரில் கழுவுகிற அதிசயத்தைப் பார்த்து மருமகளுக்கு உடம்பெல்லாம் கூசும். பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது மகனா மருமகளா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று முடிவானது, மருமகளின் ஆஸ்பத்திரியிலேயே. சர்க்கரை ஏறியிருந்ததால் சில நாள் முன்னாலேயே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

"கண்ணு கட்டை அவுத்ததும் நான் முதல்ல கண்டக்டரைத்தான் பாக்கணும். வேற ஒரு மூஞ்சியையும் காட்டாதீங்க, சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

பாவம், அவள் ஆசையாகத்தான் செய்தாள். புதுக் கண்ணோடு வருகிற மனிதர் இந்தப் பாசி பிடித்த கண்ணாடியையா பார்ப்பது? மறுநாளே மீன்களை வாளிக்கு மாற்றினாள். தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தாள். கூழாங்கற்களை அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஸ்பாஞ்சையும் வெந்நீரில் போட்டு, வெளுக்கும்வரை பிழிந்து பிழிந்து எடுத்தாள். ஊற்றிய தண்ணீர்கூடக் காய்ச்சி ஆறவைத்ததுதான். முடித்தபோது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்க்கத் தோன்றியது. புருஷன் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆபரேஷன் அன்று அவளே கருவிகளைத் தயார் செய்து உள்ளே அனுப்பினாள். நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் கூட்டிப்போகலாம், கட்டை நாளைக் காலையில் வீட்டிலேயே நீ அவிழ்த்துவிடு என்றார் டாக்டர். மதியம் அவள் மாமனாரின் படுக்கையைத் தட்டிப்போட வீட்டுக்கு ஓடிவந்தாள்.

கூடத்துக்குள் வந்தவள் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள்.

தொட்டி முழுக்கப் பாலைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. மூன்று மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இத்தனை சுத்தம் செய்த இடத்தில் சாவா? அவளால் நம்பவே முடியவில்லை. மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஸ்பாஞ்சை எதுல கழுவினீங்க?" என்றார் அவர்.

"வெந்நீர்ல. கொதிக்கக் கொதிக்க."

"கல்லு?"

"அதையும்தான்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"ஏங்க, மீனோட கழிவு தண்ணியில விஷமா மாறும். அதைத் தின்னு தீர்க்கற கிருமிங்க அந்த அழுக்கு ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும்தான் குடியிருக்கும். அதுங்களைத்தான் நீங்க மொத்தமா வேகவச்சிட்டீங்க."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. கிருமியைக் கொன்றதற்காக ஒருத்தர் தன்னைத் திட்டுவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கடைக்காரர் சொன்னபடி கொஞ்சம் தண்ணீர் மாற்றினாள், தீனியை நிறுத்தினாள். கடையில் ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து ஒரு பழுப்பேறிய ஸ்பாஞ்சைப் புருஷன் பையில் போட்டு வாங்கிவந்தான். குப்பென்று நாற்றம் அடித்தது. ஆயுசில் முதல்முறையாக ஒரு அழுக்கைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு வந்த மாமனார் வாசற்படியிலேயே கேட்டார்: "கண்டக்டர் எப்படி இருக்கான்?"

"இருக்கான் மாமா." மற்றதைச் சொல்லாமல் அவர் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் அவரைத் தொட்டியின் முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெண்மை இன்னும் முழுசாகக் கலையவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து மெல்லக் கட்டைப் பிரித்தாள். அவர் கண்ணைத் திறந்தார். நேரே பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, எல்லாம் வெள்ளையா இருக்கே!" நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போச்சா? கண்ணு போச்சாம்மா?"

"இல்ல மாமா! கண்ணு நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். எல்லாத்தையும் வெந்நீர்ல கழுவிட்டேன் மாமா. என்னை இப்படித் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு எப்பம்மா நரைச்சுது?"

அவள் கை தானாகக் காதோரத்து முடிக்குப் போனது. அவர் மறுபடி தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை போச்சு?"

"ரெண்டு மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் தொட்டியின் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து கண்டக்டர் தள்ளாடிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. பெரியவர் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"இவன் மூக்குல கறுப்புப் புள்ளி இருக்கு!"

"அது எப்பவும் இருக்கறதுதான் மாமா."

"எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். புறங்கையைக் கண்ணருகே கொண்டுபோனவர், கண்ணைத் தொடக்கூடாது என்ற நினைவு வந்து சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"ஏம்மா, என் கண்ணுக்குப் போன கத்தியையும் நீதானே வேகவச்சே?"

"ஆமாம் மாமா." தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதே மாதிரிதானா? கொதிக்கக் கொதிக்க?"

"ஆமாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே இந்தத் தொட்டிப் பக்கம் உன் கை வரக்கூடாது."

"வராது மாமா."

"அடுத்த மாசம் இடது கண்ணு. அந்தக் கத்தியை மட்டும் நீயே வேகவை. வேற யாரையும் தொட விடாதே."

வெந்நீரக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்த கையைக் கழுவாமலே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.