கெட்டி ஆயில்

வேதாசலம் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தார். பாதிவரைக்கும் கறுப்பு ஆயில். சோபியா அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தாள். ஆயில் தண்ணீரைப்போலச் சட்டென்று ஒரு பக்கம் ஓடியது. ஓடிய இடத்தில், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு மினுமினுவென்று செம்புப்பொடி நின்றது. என்ஜினுக்குள் பேரிங் தேய்ந்து வந்த பொடி அது.

"நடு ரோட்ல நின்னுடுச்சி மா," என்றார் வேதாசலம். "மொதலாளிய ஏத்திக்கினு வாலாஜாபாத்ல ஒரு நிச்சயத்துக்குப் போற வழியில. என்ஜினு ஜாம். கட்டி இழுத்துக்கினு வந்தோம். நான் ஆயில் பாக்காம ஓட்டிட்டனாம். நாளையிலேர்ந்து வராதன்னுட்டாரு. இருபத்தாறு வருசம் மா."

அவர் தாமோதரன் வீட்டு டிரைவர். தாமோதரனுக்கு உத்திரமேரூரைச் சுற்றி நிலம் நிறைய; கடைத்தெருவில் நான்கு கடைகளும் உண்டு. அதில் ஒன்றில்தான் சோபியா உதிரிபாகக் கடை வைத்திருந்தாள். நின்றுபோன வண்டி தாமோதரனின் அப்பா வாங்கிய அறுபத்தைந்தாம் வருடத்து அம்பாசிடர். வீட்டில் புதுக் கார் இரண்டு இருந்தும், நல்ல காரியம் என்றால் அதில் போய் இறங்கினால்தான் தாமோதரனுக்கு நிறைவு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே கடைக்கு வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அரவிந்தன் போனில் ஒரு ஆயிலின் படத்தை அனுப்பியிருந்தான். இருப்பதிலேயே விலை கூடியது, புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில். சோபியா கடை வைப்பதற்கு முன் ஒரகடத்தில் என்ஜின் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள். ஒரு பாகத்தின் அளவு முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால்கூட எடுத்து ஓரமாக வைத்துவிடுவதுதான் அங்கே அவள் வேலை.

"சார், பழைய என்ஜினுக்கு உள்ள சந்து ஜாஸ்தி," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "இருபது ஐம்பதுன்னு கெட்டி ஆயிலு கீது. அதுதான் சூடானாலும் நிக்கும். இது தண்ணியா ஓடிடும். ப்ரெஷர் ஏறாது."

கடையில் அப்போது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தாமோதரன் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா, விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்குது. எம்புள்ள இன்ஜினியரு மா. நீ எட்து குடு."

அவர்களும் சிரித்தார்கள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். கெட்டி ஆயில் டப்பாவை எடுத்துவந்து அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டியிருக்கலாம். அவள் "சரி சார்" என்று சொல்லி நாலு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, ஊற்றித்தான் பார்க்கட்டுமே என்று ஒரு எண்ணம் உள்ளே எட்டிப் பார்த்தது. இப்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில் அந்த எண்ணம்தான் அவளை அறுத்தது.

"ஆயில் லைட்டு எரியலையாணா?" என்று கேட்டாள்.

"எரிஞ்சிதே. ஊர தாண்டி ரெண்டு மைல் போகல, செவப்பு லைட்டு. வண்டிய ஓரம் கட்டட்டான்னு கேட்டன். 'நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டு மாத்தணும், ஓட்றா'ன்னாரு. அப்பறம் டொக்கு டொக்குன்னு சத்தம். அதுக்கும் ஓட்டுன்னாரு." வேதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ வந்து ஆயில பத்தி ஒரு வார்த்த சொல்லு மா. நாஞ்சொன்னா எடுபடாது. நீ படிச்ச பொண்ணு."

சோபியாவுக்குக் கடை தேடி அலைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு இடத்தில் முதலில் சரி என்றார்கள். பேரைக் கேட்டு, அப்பா பேரைக் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டபிறகு, மச்சானுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டோம் என்றார்கள். தாமோதரன் ஒருவர்தான் எதையும் கேட்காமல், "வேல தெரியுமா?" என்று மட்டும் கேட்டுச் சாவியைக் கொடுத்தவர். அந்த மனிதர் முன்னால் போய் நின்று, உங்கள் வண்டியை நீங்களே கெடுத்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த வேதாசலம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஷட்டரை இறக்கினாள்.

தாமோதரன் தன் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேதாசலம் செருப்பை வாசலில் விட்டு, கதவோரமாகவே நின்றுகொண்டார். சோபியா உள்ளே போய் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"சார், தப்பு அண்ணன் மேல இல்ல. ஆயில்தான். இந்த என்ஜினுக்கு அது சேராது."

"தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அன்னிக்கே சொன்னன்."

"தெரிஞ்சிக்கினு ஏன் குடுத்த?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி அவள்மேல் கனமாக விழுந்தது. நீட்டிய பாட்டிலை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் குடுத்தது தப்புதான்," என்றாள். "அந்தத் தப்பு என்னோடது. ஆனா லைட்டு எரிஞ்சப்பவே நிறுத்தியிருந்தா என்ஜினு தப்பிச்சிருக்கும். அண்ணன் கேட்டாராம். நீங்கதான் ஓட்டச் சொன்னீங்களாம்."

தாமோதரன் பேப்பரை மடித்தார். அவளைப் பார்க்காமல், கதவுப் பக்கம் பார்த்தார்.

"இன்னாடா வேதாசலம். லைட்டு எரிஞ்சிதா? என்னாண்ட கேட்டியா?"

வேதாசலம் துண்டை அக்குளிலிருந்து எடுத்தார். மறுபடி இடுக்கிக்கொண்டார். அவர் பார்வை சோபியாவின் பாதத்தில் நின்றது.

"வெயிலு கண்ணாடியில அடிச்சிதுங்க. லைட்டு கண்ணுக்குத் தெரியல. நான் ஒண்ணும் கேக்கலங்க. பாப்பா எதையோ மாத்திப் புரிஞ்சிக்கினுகீது."

சோபியா திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அன்று கடையில், "சரி சார்" என்று சொன்னபோது தன் குரலும் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

"சரி, வண்டிய ஷெட்ல வுடு," என்றார் தாமோதரன் வேதாசலத்திடம். "நாளைக்கு மெக்கானிக்க கூட்டிக்கினு வா." வேதாசலம் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே ஓடினார். சோபியாவும் கிளம்பினாள்.

"சோபியா."

நின்றாள்.

"ஞாயித்துக்கிழம வந்து பாரு. கட விஷயமா பேசணும்."

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

வெளியே அம்பாசிடர் ஷெட்டுக்கு ஏறும் சரிவின் அடியில் நின்றது. வேதாசலம் டிரைவர் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு சாண் ஏறும். அவர் மூச்சு வாங்குவதற்குள் ஒரு சாண் இறங்கிவிடும். சோபியா தன் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சாவியை எடுத்துவிட்டு நடந்துபோய், வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள்.

சக்கரம் சரிவில் ஏறியது. பாதி வழியில் ஏதோ கல் தடுத்து நின்றுவிட்டது.

"கைய எடு மா," என்றார் வேதாசலம் திரும்பாமலே. "அவரு சன்னலாண்ட நின்னு பாக்கறாரு."

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மொத்த வண்டியும் வேதாசலம் ஒருவர் தோளில் இறங்கிவிடும். வெயிலில் காய்ந்த தகடு உள்ளங்கையைச் சுட்டது. அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக, ஏறாமலும் இறங்காமலும் அந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.