கழுகுக்கண் தள்ளிய கல்

வைடூரியத்தில் நிறம் மாறும் ஜாதி ஒன்று உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பச்சையாக இருக்கும். பழைய குண்டு பல்புக்கு அடியில் கொண்டுபோனால் சிவந்துவிடும். நடுவில் பூனைக்கண் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, கல்லைத் திருப்பத் திருப்ப ஓடும். இப்படிப்பட்ட கற்களைச் சேர்ப்பவர்களின் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். அங்கே அவருக்கு 'கழுகுக்கண்' என்று பட்டப்பெயர். அவர் பார்த்து "மாறுது" என்றால் கல்லுக்கு வாழ்வு. உதட்டைப் பிதுக்கினால், அப்புறம் அதை ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

கழுகுக்கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே ஒன்றுதான். இரண்டும் காய்ந்த சேறு.

வேறொருவராக இருந்தால் நாணயம் சேர்க்கப் போயிருப்பார். இவருடைய இளவயதில் யாரோ ஒரு கல்லை விளக்கடியில் நீட்ட, சுற்றி நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நாம் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று இவரும் பிளந்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அந்த வாயை மூட அதற்கப்புறம் வழியில்லாமல் போய்விட்டது.

இந்த ரகசியம் தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். கடைத்தெருவில் பட்டன், நூல் விற்கிற கடை வைத்திருந்தாள். துணியின் ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்பது சிவப்புக் கண்டுகளுக்குள் கைவிட்டு அதே சிவப்பை உருவிவிடுவாள். இருபது வருஷமாக வீட்டுக்கு வந்த கற்களை எல்லாம் உண்மையில் பார்த்தது அவள்தான். டீத்தட்டோடு பக்கத்தில் நின்று, "டீ சூடா இருக்குங்க" என்றால் கல் நன்றாக மாறுகிறது என்று அர்த்தம். "ஆறிடுச்சுங்க" என்றால் மாறவில்லை.

சங்கத்துக்காக அவர் ஒரு புத்தகம் எழுதினார். முன்னுரையில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார், அட்டை ஒட்டியவர் வரைக்கும். அவளுக்கு மட்டும் இல்லை.

"உன் பேரைப் போட்டா, எதுக்குன்னு கேப்பாங்கள்ல?" என்றார்.

நியாயம்தான். ஆனால் என்றைக்காவது ஒருநாள், யாராவது ஒருவர், நாலு பேர் முன்னால் தன் கண்ணைக் கண் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை கல் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். காகித மடிப்பைப் பிரித்து, உள்ளே இருந்ததை முதலில் ஜன்னலில் காட்டினார், பிறகு பல்புக்கு அடியில் கொண்டுபோனார். டீத்தட்டோடு நின்ற அவள் எட்டிப் பார்த்தாள். கடையில் அந்தச் சிவப்புக்கு நூல் இல்லை. எந்தக் கடையிலும் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. டீ, சூடு, சைகை எல்லாம் மறந்துபோய், "ஐயோ, என்னமா சிவக்குது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"நீ சும்மா இரு," என்றார் கழுகுக்கண். "உன் கடை ரிப்பன்னு நெனச்சியா? இதைப் பார்க்க ஒரு கண்ணு வேணும்."

"அக்காவுக்கு எல்லாமே அழகுதான் ஐயா," என்று வியாபாரியும் சேர்ந்து பல்லைக் காட்டினார்.

அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

"ஆமாங்க, எனக்கென்ன தெரியும்? டீயை எடுத்துக்குங்க. ஆறிடுச்சு."

டம்ளரிலிருந்து ஆவி அவர் மூக்குக் கண்ணாடி வரை ஏறிக்கொண்டிருந்தது.

"ஆறிடுச்சா?"

"பச்சைத்தண்ணிங்க."

வாய் தவறி வந்ததைவிட, இருபது வருஷமாகப் பொய்க்காத சைகையையே நம்பி, அவர் கல்லை விரல்நுனியால் தள்ளினார். "கோடு நல்லா ஓடுது. நிறம் மாறல. வேற ஆளைப் பாருப்பா."

"ஐயா, இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. நெருப்பு மாதிரி..."

"யாருக்கு யாரு பார்க்கச் சொல்லித் தர்றது?"

பத்து நாள் கழித்து வியாபாரி நூல் கடை வாசலில் வந்து நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. "ஐயா தள்ளிட்டார்னு ஊர் பூரா பேச்சுக்கா. ஓசியில குடுத்தாக்கூட ஒருத்தனும் தொட மாட்டேங்குறான்." அவள் கல்லாப்பெட்டியைத் திறந்தாள். அடுத்த வாரம் கல் மோதிரமாகி அவள் விரலில் இருந்தது.

அதைப் பார்த்துக் கழுகுக்கண் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் தள்ளினதையா வாங்கின?"

"கோடு பிடிச்சிருந்துச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள்: பல் டாக்டர், வக்கீல், செயலாளர். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கமிருந்து டீத்தட்டோடு வந்து, பல்புக்கு நேர் அடியில் நின்று, டம்ளர்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்து வைத்தாள்.

டாக்டருக்கு வாயில் இருந்த டீ வாயிலேயே நின்றது. "அம்மா, அந்த மோதிரம்..."

"ஓ, அதுவா?" என்றார் கழுகுக்கண். "நான் தள்ளினது. மாறாத கல்லு. இவளுக்கு என்னவோ ஆசை. நீங்களே பாருங்களேன்."

மூன்று தலைகள் அவள் கைமேல் குனிந்தன. கல் தணல் மாதிரி கனன்றது. அவள் கையை இன்னும் கொஞ்சம் பல்புக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஒரே ஒரு வார்த்தை போதும்.

தினமும் ரத்தத்தில் கைவைக்கிற டாக்டர் முதலில் நிமிர்ந்தார். "மாறலையே," என்றார்.

"ஒரு சாயல் மாதிரி..." என்று இழுத்த வக்கீல், தலைவர் முகத்தைப் பார்த்தார். "இல்ல, இல்ல. பச்சைதான். பச்சைப்பசேல்னு இருக்கு."

செயலாளர் நோட்டுப் புத்தகத்தில் 'பச்சை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

அவள் தட்டோடு சமையலறைக்குப் போய்விட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கை கழுவுகிற சாக்கில் டாக்டர் வந்து நின்றார்.

"அம்மா, அந்த மாறாத கல்லு... சும்மா ஒரு ஞாபகத்துக்கு வச்சுக்கலாம்னு. என்ன விலைன்னாலும் சரி."

"மாறாத கல்லுக்கு என்ன விலைன்னாலுமா டாக்டர்?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "என்னமா சிவக்குது! என் ஜென்மத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லம்மா."

அவள் மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதைக் கூடத்துல போய்ச் சொல்லுங்க. அவர் பார்த்தது தப்பு, அந்தம்மா பார்த்ததுதான் சரின்னு. காசே வேண்டாம், எடுத்துக்குங்க."

டாக்டர் மோதிரத்தைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். மறுபடி மோதிரத்தைப் பார்த்தார்.

"அது மட்டும் கேக்காதீங்கம்மா," என்றார், கெஞ்சுகிற குரலில். "கொஞ்சம் கூடவே வேணாலும் தர்றேன். விலையைச் சொல்லுங்க."

அவள் மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். கதவோரம் யாரோ செருமினார்கள். காலி டம்ளரோடு வக்கீல் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செயலாளர்.

"நகருங்க டாக்டர்," என்றாள் அவள். "அடுத்தது யாருங்க?"