விரல் எடுக்காத நான்கு கட்டைகள்

வீட்டு மாடியில் தனியாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன்; கரண்ட் போனபோது என் விரல்கள் ஆர்கனின் நான்கு கட்டைகள் மேல் இருந்தன. நி, ரி, ம, த. நாடகத்தில் போலீஸ் வந்து கதவைத் தட்டும் இடத்தில் நான் வாசிப்பது இதைத்தான். நான்கையும் சேர்த்து அமுக்கினால் கேட்கிறவருக்கு இருப்புக் கொள்ளாது. அடியில் இருக்கும் நிஷாதம் ஒரு படி ஏறி ஷட்ஜத்தில் போய் உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடியும்.

மட்டாஞ்சேரியில் எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த நான்கையும் அமுக்கிவிட்டால் ஷட்ஜத்துக்கு வராமல் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. கிட்டார் வாசிக்கும் செபாஸ்டியன் சேட்டன் முதலில் இதைச் சொன்னபோது, பி.எஸ்ஸி. படித்த நான் சிரித்தேன். பாதிரியாருக்குக்கூட நீங்கள் இப்படிப் பயந்ததில்லையே என்று கேலி செய்தேன். அன்றைக்கு ஆர்கன் ஊமையான பிறகும் நான் கையை எடுக்கவில்லை. கரண்ட் இப்போது வந்துவிடும், வந்ததும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணன் மேடைக்குத் திரைத்துணி வாங்க அக்கரையில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சாயங்காலப் போட்டில் வருவதாகச் சொல்லியிருந்தார். வெளியே ஆடி மாதக் கர்க்கடக மழை. மனிதருக்கு நீச்சல் தெரியாது. பாலக்காட்டில் குளத்துப் படியில் நின்று சொம்பால் மொண்டு குளித்தவர்.

கீழே சுக்குக் கிடங்கில் வேலை செய்யும் அங்கம்மாள் நனைந்தபடி படியேறி வந்தாள்.

"மாமி, சார் வார போட்டு இன்னும் கரைக்கு வரலையாம். போட்டு ஜெட்டியில ஆளு கூடிக் கெடக்கு. வாங்க, போவோம்."

போவதென்றால் கையை எடுக்க வேண்டும். ஷட்ஜத்தை வாயால் பாடிவிட்டு எழுந்துவிடலாமென்று வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"நீ போய்ப் பாத்துண்டு வா அங்கம்மா. நான் கையை எடுக்கப்படாது."

அவள் என்னையும் சத்தமில்லாத பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டினவரைத் தேடிப் போகாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவளைப் பற்றி என்ன நினைத்தாளோ, இறங்கிப் போனாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஜன்னலில் அடித்த மழைகூட யாரோ முழுகும் சத்தமாகக் கேட்டது. கறுப்புக் கட்டையில் இருந்த சுண்டுவிரல் நழுவப் பார்த்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றென்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

கடைசியில் மரப்படியில் காலடி கேட்டது. அங்கம்மாள் மட்டுமா, கூட அவருமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. நான்கு ஸ்வரமும் வீடு அதிர அலறின. காலடிச் சத்தம் அதில் முழுகிப் போயிற்று.

ஷட்ஜம் அடுத்த கட்டைதான். அமுக்கினால் முடிந்துவிடும். முடிந்தால் அறை அமைதியாகிவிடும். படியில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். நிஷாதத்தில் இருந்த கட்டைவிரல் நகர மறுத்தது. அலறலுக்கு நடுவே, எதிரே, கதவின் தாழ்ப்பாள் மெல்ல அசைந்தது.