சாமிக்கு வெள்ளிக்கிழமை முறை

ஒலக்கூர் ரயிலடியில் உட்கார்ந்திருந்த சாமியாரின் கண்ணை ஏறெடுத்துப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு தாகம் எடுக்கவில்லை. ஐம்பத்தாறாம் வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நல்ல விலை போன சித்திரையில் இது தொடங்கியது. முதலில் பார்த்தவர் விழுப்புரம் பாசஞ்சரில் வந்த டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாமல் வந்த சாமியாரைக் கீழே இறக்கக் கையைப் பிடித்தவர், கண்ணைப் பார்த்தார். தானும் கூடவே இறங்கினார். குழாயடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, குடிக்காமலே அடுத்த வண்டியில் ஏறிப் போனார். பிறகு பிரம்மதேசத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சாமியார் பேசமாட்டார், விபூதி தரமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணுக்குள் ஆழத்தில் தண்ணீர் அசைகிறது என்றார்கள். அவருடைய உதடு பாளம் பாளமாக வெடித்திருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. உதட்டைப் பார்க்க யாரும் போகவில்லை.

அம்சாவின் புருஷன் அப்பாதுரை திண்டிவனத்துக்கு மண்வெட்டி வாங்கப் போனவன், வழியில் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தான். அம்சா செம்பில் மோர் கொடுத்தாள். "வாணாம்," என்றான். "வெயில்ல வந்துகிறீங்க, குடிங்க." "நெறஞ்சிருக்குது அம்சா. உள்ள தளும்புது." மறுநாள் விடிந்ததும் அவன் ஏற்றத்துக்குப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வாடுகிற மல்லாட்டைச் செடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்சா அவன் தலையைச் சுற்றி மிளகாய் வற்றல் எடுத்து அடுப்பில் போட்டாள். கை நிறையப் போட்டும் கமறல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. அது கண்ணேறு என்பதற்கு அதற்குமேல் அவளுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஊரார் அருள் என்றார்கள். அம்சா பொல்லாத கண் என்றாள், சாகும்வரை அப்படித்தான் சொன்னாள்.

அவளுக்குப் பதைப்பு கிணற்றை நினைத்து. அப்பாதுரையும் அண்ணன் சுப்பராயலுவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஏற்றம் இறைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மரத்தில் ஏறி மிதிக்க, ஒருவர் கீழே சால் பிடித்துக் கவிழ்க்க. ஆகவே இவன் முறையில் அவன் மிதிப்பான், அவன் முறையில் இவன் மிதிப்பான். வெள்ளிக்கிழமை கிணற்றுக்கு ஓய்வு. ஒரு போகம் முழுக்க முறைத் தண்ணீர் இறைக்காதவனுக்குப் பங்கு கிடையாது என்பது ஊர்க்கட்டு. சுப்பராயலு கூலிக்கு ஆள் வைத்துத் தன் முறையை இறைத்துக்கொண்டு, தம்பியின் முறை நாட்களில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். அவன் பெண்டாட்டி சின்னபொண்ணு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "என்னா அம்சா, ஊட்ல சாமி குடியேறிட்டாராமே. கெணறு எதுக்கு இனிமே?" என்றாள்.

அம்சா ஒலக்கூருக்கு நடந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், சாமியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "யோவ் சாமி, ஒம்மூஞ்சியப் பாக்க நான் வரல. எம்புருஷனோட தாகத்த எடுத்துக்கினியே, அவங்கொல்லையோட தாகத்தையும் சேத்து எடுத்துக்கக் கூடாதா? ஆம்பளய அரைகுறையா மொடக்கிப்புட்டு, ஒக்காந்து முழிச்சிக்கினு கிறியா?" கூட்டம், "வாயக் கழுவு" என்று சத்தம் போட்டது. முதுகில் வெயில் படுகிற மாதிரி சாமியாரின் பார்வை படுவது தெரிந்தது. அம்சா திரும்பவில்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேரே சுப்பராயலுவிடம் போனாள். "மாமா, ஒங்க தம்பி கெணத்துப் பங்க அந்தச் சாமியாருக்கு எழுதி வெக்கிறாராம். ஜல்தி போனாத்தான் ஆச்சி." சுப்பராயலு தடியை எடுத்துக்கொண்டு ஓடினான். சாமியாரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "எவன் பாட்டன் சொத்துடா?" என்று கத்தினான். கத்த வேண்டுமானால் கண்ணைப் பார்த்துத்தானே கத்த வேண்டும். சாயங்காலம் தடி இல்லாமல் திரும்பி வந்து, தம்பிக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தான். பாகம் பிரிந்த நாளிலிருந்து அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சின்னபொண்ணு தலைவிரி கோலமாக வந்தாள். "அடிப்பாவி, எம்புருஷனையும் பொம்மையாக்கிட்டியே!"

"எம்புருஷன் பொம்மையானப்போ நல்லா இளிச்சியே யக்கா. இப்போ இளி."

இரண்டு கொல்லையும் காய்ந்தன. கூலிக்கு ஆள் தேடினால், சாமியாரைப் பார்க்காத ஆம்பளை ஊரில் மிச்சமில்லை. பாதி நிலம் கரம்பாகக் கிடந்தது, சொந்தக்காரர்கள் வரப்பில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதைச் சாந்தம் என்றார்கள். ஒருநாள் காலையில் அம்சா புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டி ஏற்ற மரத்தில் ஏறினாள். கீழே சால் பிடிக்கச் சின்னபொண்ணு வந்து நின்றாள். ஒருத்தி இல்லாமல் ஒருத்திக்கு ஆகாது. ஏற்றப் பாட்டு இருவருக்கும் தெரியாது. ஆகவே சாலுக்கு ஒரு ஏச்சு என்று இறைத்தார்கள். "ஒங்கை வெளங்காம போவ," என்று மேலேயிருந்து வரும். "ஒங்காலு மொடங்கிப் போவ," என்று கீழேயிருந்து போகும். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். கணக்குத் தப்பாது. அந்தப் போகம் மல்லாட்டை நன்றாக விளைந்தது. பங்கும் கைவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் வருஷக் கத்திரி வெயிலில் சாமியார் கிணற்று மேட்டுக்கு வந்து கையேந்தி நின்றார். ஊரில் மற்ற வீடுகளில் தண்ணீர்ப் பானை வைப்பதை விட்டிருந்தார்கள். அம்சா மரத்தின்மேல் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்ண மூடு, தரச்சொல்றேன்," என்றாள். அவர் மூடினார். சின்னபொண்ணு சாலைக் கவிழ்த்தாள். அவர் குடித்தார். அடுத்த சால், அதற்கடுத்த சால். உச்சிவேளை வரை மிதித்தும் வாய்க்காலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. கிணறு ஒரு படி இறங்கிப்போனது.

"இந்தாளு ஊரு தாகத்தயெல்லாம் தாந்தான் வெச்சிக்கினு கிறான்டி," என்றாள் சின்னபொண்ணு. "பாவம்டி."

"பாவமென்னா பாவம்? எடுத்துக்கச் சொன்னது யாரு? யோவ், எம்புருஷனோடத திருப்பிக் குடு."

சாமியார் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார். வராது என்று அர்த்தம். அம்சா மரத்தைவிட்டு இறங்கினாள். "எம்முறைத் தண்ணியில இனிமே கை வெக்காத. வெள்ளிக்கெழம கெணறு சும்மா கிடக்குது, அன்னிக்கு வா. ஆனா பங்குன்னு வந்துட்டா தூரும் வாரணும். சாமியாருன்னு உட மாட்டேன்."

அவர் வெள்ளிக்கிழமை வந்தார். ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். அடுத்த சித்திரையில் தூர் வாரவும் வந்து, கோவணத்தோடு கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளினார். கூடை பாதியில் சிக்கியது. அம்சா எட்டிக் கயிற்றை உதறும்போது அவரும் அண்ணாந்தார். சின்னபொண்ணு, "ஐயோ, பாத்துட்டியாடி!" என்று அலறினாள். அம்சா கூடையை இழுத்துக் கொட்டினாள். வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். இன்னொரு செம்பு குடித்தாள். தொண்டை வறண்டுதான் இருந்தது. "என்னாடி தெரிஞ்சிது?" என்று சின்னபொண்ணு கேட்டதற்கு, "தண்ணி கேக்கற மூஞ்சி. வேற என்னா?" என்றாள்.

அறுபத்தைந்தில் கரண்டு வந்தது, ஏற்ற மரத்தை இறக்கிவிட்டு மோட்டார் வைத்தார்கள். மோட்டாருக்கு இரண்டு பேர் வேண்டியதில்லை. ஆனாலும் அம்சா சுவிட்சைப் போட்டால் சின்னபொண்ணு வந்து தொட்டியடியில் நின்று ஏசிவிட்டுத்தான் போவாள். அண்ணனும் தம்பியும் வரப்பிலேயே நரைத்தார்கள். முறை வைத்துப் பேசும்போது ஊரார் இப்படித்தான் சொல்வார்கள்: திங்கள், செவ்வாய், புதன் அம்சாவுக்கு; வியாழன், சனி, ஞாயிறு சின்னபொண்ணுக்கு; வெள்ளி சாமிக்கு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்சா மோட்டாரைப் போட்டு, தொட்டியைப் பார்த்து, "கண்ண மூடிக்கினியா?" என்று கேட்பாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை களை எடுப்பாள்.