நின்றால் அணைகிற வண்டி

ஆத்தப்பனின் ஆம்னி ஓடும்போது ஒழுங்காகத்தான் ஓடியது. நின்றால்தான் வினை. சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இஞ்சின் ஈளைக்காரன் மாதிரி இழுத்து இழுத்து அணைந்துவிடும்.

மங்கலத்திலிருந்து தையல்காரப் பெண்களைப் பனியன் கம்பெனியில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு. இந்த ட்ரிப்பும் போனால் அறுபது தாண்டிய வயதில் அவருக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. இன்னொரு தடவை லேட்டானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சசிகுமார் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

மூன்று மெக்கானிக்கிடம் காட்டினார். காட்டினார் என்பது பேச்சுக்கு. ஆம்னிக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். அந்தச் சீட்டைத் தூக்க அவர் ஒருத்தனையும் விடவில்லை. திறந்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. சத்தத்தைக் கேட்டே சொல்லச் சொன்னார். ஒருத்தன் பிளக்கில் கரி என்றான். இன்னொருத்தன், சோமனூர்க்காரன், ரப்பர் ஓஸ் வெடித்துக் காற்று இழுக்கிறது என்றான். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பட்டறை போட்டிருந்த ஜெபக்குமார், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம், திறக்காமல் சொல்ல முடியாது என்றான். இருக்கலாம் இருக்கலாம் என்கிறவனை எப்படி நம்புவது? ஒரு வண்டிக்கு இத்தனை நோயா? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு, நிற்கும் இடத்திலெல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே காலம் தள்ளினார். ஒருநாள் காலை, ஏற்றத்தில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் மிதிக்க மனுசனுக்குக் கால் இரண்டுதான். பிரேக்குக்குக் காலை மாற்றியதும் அணைந்தது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் செத்தது. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

"தாத்தா, நீங்க எங்களக் கூட்டிட்டுப் போறீகளா, நாங்க உங்களக் கூட்டிட்டுப் போறமா?" என்றாள் சித்ராதேவி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கம்பெனி கேட்டில் சசிகுமார் குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க மாமா, ஒரு தையல் லைன் பூரா நின்னு போச்சுங்க. நாளைக்கிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ட்ரிப் போயிற்று.

அங்கிருந்து நேராக ஜெபக்குமாரிடம் போனார். சீட்டைத் தூக்கச் சொன்னார். ஃபில்டரை மூடிக் கம்பளிபோல அப்பியிருந்தது பனியன் பஞ்சு. கம்பெனியின் தூசி வெளியே வரும் ஃபேனுக்குக் கீழேதான் தினமும் நிழலுக்காக வண்டியை விடுவார். ஓஸிலும் வெடிப்பு. பிளக்கும் கறுப்பு. ஆத்தப்பன் பஞ்சைக் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதைய நீ வெச்சயா?"

"இன்னைக்குத்தான அண்ணாச்சி சீட்டத் தூக்க விட்டிய."

ஆத்தப்பன் பஞ்சை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார். சந்தேகம் முழுசாகப் போகவில்லை. ஜெபக்குமார் துடைத்து, மாற்றவேண்டியதை மாற்றி, ஸ்டார்ட் செய்தான். காலே வைக்காமல் நின்ற இடத்தில் சீராக ஓடியது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னான்.

"எங்கப்பா போறது?" என்றார் ஆத்தப்பன். கையை நீட்டிச் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தார்.