நாலாவது பட்டன்

என் கணவர் றாஸிக் மின்சாரக் கார் வாங்கிய செய்தி தெரியாத ஒருவர் கல்முனையில் இருந்தால், அவர் அந்த மாதம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிரதான வீதியில் டைல்ஸ் கடை இருக்கிறது. டைல்ஸ் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் காரைக் காட்டுவார், பிறகுதான் டைல்ஸ். கார் சத்தமே போடாது என்று சொல்லி இவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் காரில் எல்லாமே நடுவில் உள்ள திரைக்குள்தான். ஏசியைக் கூட்டவும் திரை, கண்ணாடியை மடிக்கவும் திரை, டிக்கியைத் திறக்கவும் திரை. இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, விரலால் தடவித் தடவி, ஏசியைக் கூட்டப் போய் ரேடியோவைக் கூட்டி வைப்பார். கடைசியில் அவரே தோல்வியை ஒப்புக்கொண்டு, கொழும்பிலிருந்து நாலு பட்டன்களைத் தருவித்தார். வயர் கிடையாது. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. காருக்குள் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டால், எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுக்கலாம்.

முதலாவதை அமத்தினால் பிரயாண துஆ ஓதும். இரண்டாவதுக்கு ஏசி. மூன்றாவதுக்குக் கண்ணாடி மடியும். நாலாவதுதான் இவருடைய உயிர், அது மகளின் கலியாணத்தன்று டிக்கி திறக்க.

"மாப்பிள்ள எங்கட காரில வந்து எறங்குறார் புள்ள. சனமெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிது. நான் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கன். டிக்கி தானா எழும்புது! மாப்பிள்ளட பெட்டி வெளிய வருது!"

"கையக் கட்டிக்கிட்டு நிண்டா எப்படி எழும்பும்?"

"பட்டன் எண்ட சட்டப்பைக்குள்ள இரிக்கும். அது ஒருத்தருக்கும் தெரியா."

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். றாஸிக்கும் இந்த வளவுக்கு அப்படி வந்தவர்தான். எங்கள் உம்மா வளவை இரண்டாகப் பிரித்து எனக்கொரு வீடும் என் தங்கச்சி சிபானாவுக்கு ஒரு வீடும் கட்டித் தந்தார். நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கேற். இப்போது எங்கள் ஒரே மகள் பஹ்மிதாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அர்ஹம், அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள பாலமுனைப் பொடியன். பெட்டியோடு வரப்போகிற அடுத்த ஆள் அவர்.

மாப்பிள்ளையைக் கூட்டி வரப் பெண்ணின் அண்ணனான காக்காவோ தம்பியோ போவார்கள். பஹ்மிதாவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. வாப்பா வாசலில் நின்று வரவேற்க வேண்டும். ஆகவே சாச்சாதான் போக வேண்டும். சாச்சா என்றால் சிபானாவின் கணவர் அப்ராஸ், நாவிதன்வெளியில் நீர்ப்பாசன உத்தியோகம். பிள்ளை இல்லாத வீடு அது. பஹ்மிதாவை ஐந்தாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது அவர்தான். அவரைத் தவிர வேறு யாரும் அர்ஹமைக் கூட்டி வந்தால் என்னால் சபையில் தலை நிமிர முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அப்ராஸ் எங்கள் வாசலை மிதித்து இரண்டு மாதம். காரணமும் இந்தக் கார்தான்.

றாஸிக் வாங்கி நாற்பதாம் நாள் அப்ராஸும் மின்சாரக் கார் வாங்கினார். அதே கார், அதே சாம்பல் நிறம். என் மனுசனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் செருப்புத் தேடுகிற இடத்தில் நின்று, "எங்கட வளவில ஒரு போட்டோக் கொப்பி மெசின் இரிக்கி, இஞ்சால வெச்சா மதிலுக்கு அங்கால வரும்" என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்ராஸும் அங்கேதான் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மதில் கேற்றில் இரு பக்கமும் பூட்டு விழுந்தது. தங்கச்சியைப் பார்க்க நான் ரோட்டால் சுற்றிப் போனேன்.

"ஒரு சொல்லு போய்க் கதைச்சா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டால், "அவர் சின்னவர், அவர் வரட்டும்" என்பார். கடை மனேஜரை அனுப்பி மாப்பிள்ளையைக் கூட்டி வரலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போட்டேன், கறி போடவில்லை.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, புரியாணி தின்று, ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில் நெளிந்துகொண்டிருக்கிற நேரம். றாஸிக் போர்ட்டிக்கோவில் காருக்குள் உட்கார்ந்து பட்டன்களைச் சேர்க்கத் தொடங்கினார். தொலைபேசி 'பட்டனை அமத்துங்கள்' என்று கேட்கும், அமத்தினால் 'சேர்ந்தது' என்று காட்டும். மூன்று பட்டன் ஒழுங்காகச் சேர்ந்தன. நாலாவதில் துள்ளிக் குதித்து வெளியே வந்தார்.

"சுஹைறா! நான் அமத்த முதலே சேந்துட்டு! என்ன மூள பாத்தியா இதுக்கு!"

நான் கணக்கு ரீச்சர். அமத்தாத பட்டன் சேராது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வட்டிலப்பத்துக்குத் தேங்காய் பிழிந்துகொண்டிருந்ததில் மூளை ஓடவில்லை.

அன்றிலிருந்தே வீட்டில் கூத்து. இவர் நாலாவது பட்டனை அமத்துவார், டிக்கி அசையாது. அதே நேரம் மதிலுக்கு அப்பால் அப்ராஸின் கார்க் கோண் 'பீப் பீப்' என்று கத்தும். திரும்ப அமத்துவார், திரும்பக் கத்தும்.

"பாத்தியா? ஒளிச்சி நிண்டு பாத்து, எனக்கு டிக்கி தொறக்கல்ல எண்டு கோண் அடிச்சி நக்கல் பண்றான்!"

வேறு நேரத்தில், யாருமே தொடாமல் எங்கள் டிக்கி தானாக மேலே போகும். ஒருநாள் அதன்மேல் காயப்போட்டிருந்த என் புதுச் சேலை மண்ணில் விழுந்தது. றாஸிக் பட்டன் விற்றவனுக்கு நாலு குரல் செய்தி அனுப்பினார். நாலிலும் சலாம் மட்டும்தான் மரியாதை.

கலியாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை. இரண்டு பேரும் பின்னேரம் அசர் தொழப் போயிருந்தார்கள், கார்கள் வீட்டில். சிபானா தொலைபேசி எடுத்தாள். குரல் அழுகிற பக்கம்.

"ராத்தா, மச்சான் என்னத்துக்குக் கா இப்பிடிச் செய்றார்? எங்கட கார் சும்மா சும்மா கத்துது. மச்சான்தான் என்னமோ மெசின் வெச்சிக் கத்த வெக்கிறார் எண்டு இவர் செல்றார். நாளைக்கிக் கலியாணத்துக்கும் வரமாட்டாராம்."

"எப்ப இருந்து கத்துது?"

"போன கிழம வெள்ளிக்கிழமையில இருந்து. இவரும் ஒரு நாலு பட்டன் எடுத்தாரு கா. ஜும்ஆத் தொழுதுட்டு வந்து காரில சேத்தாரு. அதிலயும் ஒண்டு வேல செய்தில்ல."

நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். இரண்டு போர்ட்டிக்கோவுக்கும் நடுவில் பத்தடி. ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே புரியாணி நேரம், ஒரே மாதிரிப் பட்டன். இவருடைய தொலைபேசி கேட்டபோது அவர் அமத்தியிருக்கிறார், அவருடையது கேட்டபோது இவர் அமத்தியிருக்கிறார்.

"சிபானா, வேல செய்யாத பட்டன எடுத்து அமத்து."

எங்கள் டிக்கி மெதுவாக மேலே எழுந்தது. நான் எங்களுடைய நாலாவதை அமத்தினேன். மதிலுக்கு அப்பால் 'பீப் பீப்'. அங்கே அவள் சிரிக்கிற சத்தமும், இங்கே நான் சிரிக்கிற சத்தமும் மதிலுக்கு மேலால் முட்டிக்கொண்டன. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த மதிலால் வந்த முதல் நல்ல சத்தம் அது. சிரித்து முடிய எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம், இந்த இரண்டு பெரிய மனிசரும் டிக்கிக்கும் கோணுக்கும் சண்டை பிடிக்கிறார்கள்.

பள்ளிவாசலால் இருவரும் வந்த சத்தம் கேட்டதும் பூட்டைத் திறந்து கேற்றைத் தள்ளினேன். அந்தப் பக்கப் பூட்டைச் சிபானா திறந்திருந்தாள். கேற்றின் நடுவில் நின்று பட்டனை அமத்தினேன். கார் கத்தியது. அப்ராஸ் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். என் மனுசனும் இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்கட காருக்கு எங்கட ஊட்டில ஒரு பட்டன் இரிக்கி" என்றேன். "எங்கட காருக்கு ஒங்கட ஊட்டில ஒண்டு இரிக்கி. ரெண்டு பேரும் ஒரே நேரம் சேத்தா இதுதான் நடக்கும். ஒருத்தரும் ஒருத்தரையும் நக்கல் பண்ணல்ல. போதுமா?"

சிபானா தன் கையில் இருந்ததை அமத்தினாள். எங்கள் டிக்கி எழுந்தது. இரண்டு ஆம்பிளைகளும் அந்தத் திறந்த டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அழிச்சிப்போட்டுத் திரும்பச் சேக்கணும்" என்றார் அப்ராஸ், யாருக்கும் இல்லாமல்.

"ஓம். ஒரு ஆள் சேக்கக்குள்ள மத்த ஆள் மூடி வெக்கணும்" என்றார் றாஸிக், அவரும் யாருக்கும் இல்லாமல்.

நான் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து எங்கள் போர்ட்டிக்கோவில் போட்டேன். முக்கால் மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியைத் தடவினார்கள். மன்னிப்பு என்ற சொல் இரண்டு வாயிலும் வரவில்லை. "இத அமத்துங்க", "அத விடுங்க", "என்ன ஆப்டா இது" என்பவைதான் வந்தன. கடைசியில் அவரவர் பட்டன் அவரவர் காருக்குச் சேர்ந்தது. அப்ராஸ் எழுந்து சாரனை உதறிக்கொண்டு கேற்றைப் பார்த்து நடந்தார்.

சிபானா என் கையைப் பிடித்தாள். அந்தக் கேற்றைத் தாண்டிவிட்டால் அவர் நாளைக்கு வரமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் வாய்க்குள் துஆ ஓதினேன்.

"தம்பி" என்றார் றாஸிக். தலை நிமிரவில்லை, தொலைபேசியிலேயே கண். "நாளைக்கி அசருக்குப் பொறகு பாலமுனைக்குப் போய் மாப்பிள்ளயக் கூட்டி வரணும். எண்ட காரில சார்ஜ் காணா. நீங்க ஒங்கட காரில போனா என்ன?"

அப்ராஸ் திரும்பி வந்தார். றாஸிக்கின் கையில் இருந்த தொலைபேசியில் கார் படமும், அதன் கீழே சார்ஜ் தொண்ணூற்றெட்டு வீதம் என்று பச்சை எழுத்தும் எனக்கே தெளிவாகத் தெரிந்தன. அப்ராஸ் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என் மனுசனின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் காக்கா" என்றார். "பாலமுனைக்குப் போய்வர இது காணாதுதான்."