அப்பா சொன்ன வெயில்

அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை ஏறவில்லை. வலது கை எப்படியோ நுழைந்துவிட்டது. பக்கவாதத்தில் மடங்கிப்போன இடது கை மட்டும் செத்த பிறகும் அடம்பிடித்தது. மூத்தவள் சட்டையை உருவிக் கட்டிலில் போட்டாள்.

"விடுடா. அலமாரியில அரைக்கை ஒண்ணு கிடக்கும், அதை எடு."

தம்பி எடுக்கவில்லை. அப்பாவின் இடது கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழுப்பாக நான்கு பட்டைகள். இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"இது என்னக்கா?"

"தெரியலடா. ஒரு மாசமா இருக்கு. டாக்டர் அலர்ஜின்னு களிம்பு குடுத்தார்."

"அலர்ஜி மாதிரி இல்லையே. சுட்ட மாதிரில்ல இருக்கு."

தன் நான்கு விரல்களை அந்தப் பட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தின. கையை எடுத்துக்கொண்டு, "நீ தனியா கிடந்து அல்லாடின. யாரா இருந்தாலும் ஒருநாள் கோபம் வரத்தான் செய்யும்," என்றான். மன்னித்துவிட்ட குரல். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

எட்டு மாதம். கழுவி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த மகராசன் ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டி, "தைரியமா இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். இன்று விடியற்காலையில் மூளையில் இரண்டாவது அடைப்பு வந்து அப்பா போன பிறகுதான் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம்தான். கேட்கத் தெம்பில்லை. எங்காவது சுருண்டு படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் இந்தப் பேச்சோடு அப்பா வீட்டை விட்டுப் போகக் கூடாது. அவள் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதை ஒருத்தராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"நான் கை ஓங்கினதே இல்லடா," என்றாள். "அவர் பேசினது இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் புரியும். டாக்டருக்கே நான்தான் எடுத்துச் சொல்லணும். அவர் கேட்டு எதையும் நான் இல்லைன்னதில்ல."

அது உண்மைதான். அப்பாவின் வாயில் மிஞ்சியது நாலைந்து சொற்கள். 'ணீ' என்றால் தண்ணீர். 'போ' என்றால் கழிப்பறை. 'வெயில்' மட்டும் முழுசாக வரும்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மூக்கு மேடம். அப்பா முப்பது வருடம் வேலை பார்த்த வாசனை எண்ணெய் ஆலையில் ஆய்வகத்து அம்மா. வடித்து வரும் எண்ணெயை மோந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்கிறவர். அப்பா வைத்த பெயர்தான் அது, அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார். உள்ளே வந்தவர் நின்றார். மூக்கு விடைத்தது.

"ஏஞ்சலிகா வேர் வாசனை அடிக்குதே?"

"அப்பா வச்சிருந்த எண்ணெய், மேடம். கை விறைச்சுக்கிடக்கேன்னு நாலு விரலால தடவிவிடுவேன்."

மிளகும் ஈரமண்ணும் கலந்த வாசனை, அடியில் கொஞ்சம் கஸ்தூரி. இந்த வேர் வயிற்று மருந்துக்கும் போகும், மதுவுக்கும் போகும், பணக்காரர்கள் பூசுகிற சென்ட்டுக்கும் போகும் என்று அப்பா பெருமையடிப்பார். வயிறு உப்பினால் வேரைக் கொதிக்கவைத்துக் குடிப்பார். மூட்டு வலித்தால் படுக்கப்போகும்போது எண்ணெயைத் தேய்த்துக்கொள்வார்.

மேடம் அப்பாவின் கையைக் குனிந்து பார்த்தார்.

"எப்பம்மா தடவுவே?"

"காலையில. தடவிட்டு நாற்காலியோட வெளிய கொண்டுபோய் உட்காரவைப்பேன். அவர்தான் வெயில் வேணும்னு கேட்பார்."

மேடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அட கடவுளே," என்றார். தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சொல்லாமல் போய்விடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"அந்த வேர்ல கூமரின் ஜாதியில ஒரு சரக்கு இருக்கும்மா. தோல்ல அதுபாட்டுக்குக் கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. வெயில் பட்டுதோ, நெருப்பு வச்ச மாதிரி சுட்டுடும். உடனே தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொப்புளிக்கும், அதான் டாக்டருக்கும் பிடிபடல. வேர் வெட்டுற ஷெட்டுல யாரும் அரைக்கை போட மாட்டாங்க. அப்படி எவனாவது சட்டைக் கையைச் சுருட்டிட்டு வெளிய போனா உங்கப்பா கத்துவார் பாரு..."

"என்னன்னு?"

"வெயில்! வெயில்னு. எச்சரிக்கிறதுக்கு அது ஒரு வார்த்தைதான் அங்க."

 தம்பி அவள் தோளைத் தொட்டான். "மன்னிச்சிடுக்கா. நான் என்னென்னமோ நினைச்சிட்டேன். நீ அப்பாவை நல்லாத்தான் பார்த்துக்கிட்ட."

கேட்டது கிடைத்துவிட்டது. வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லை.

எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாலே அவர், "வெயில், வெயில்," என்பார். "இதோ போறோம்ப்பா, அதுக்குள்ள என்ன அவசரம்," என்று சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போவாள். வெளியே போன பிறகும் கத்துவார். பத்தவில்லை போலிருக்கிறது என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்துவாள். வலது கையால் இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார். குளிர்கிறது என்று நினைத்து வெளியே எடுத்து இன்னும் இரண்டு சொட்டு தேய்ப்பாள். கண்ணில் நீர் வழிந்தது வெளிச்சம் கூசி என்று நினைத்தாள். பாவி, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வலிச்சிருக்குமா, மேடம்?"

"உயிர் போனது இதால இல்லம்மா. அடைப்பு."

"அதில்ல. வலிச்சிருக்குமா?"

மேடத்துக்குப் பொய் வராது. "எரிஞ்சிருக்கும்," என்றார்.

மூத்தவள் அலமாரியைத் திறந்து அரைக்கைச் சட்டையை எடுத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து போட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. தெருமுனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. தூக்க வந்தவர்கள் அதற்குள் அப்பாவை வெளியே கொண்டுவந்து வாசல் பெஞ்சில் கிடத்திவிட்டார்கள்.

"கொஞ்சம் நிழலுக்குத் தள்ளுங்க," என்றாள்.

"ரெண்டு நிமிஷம்தான்மா, வண்டி வந்துடும்."

"இனிமே என்னக்கா," என்றான் தம்பி மெதுவாக.

 அவள் இறங்கிப் போய் பெஞ்சுக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றாள். நிழல் அப்பாவின் முகத்தில் விழுந்தது. கைவரை எட்டவில்லை. ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.